சாளையில் நிற்கும் பழைய ஸ்கூட்டரை வீட்டிலேயே கிளப்புவது எப்படி

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகள் (தோட்டத்து வீடுகள்) பலவற்றில், உரமூட்டைக்கும் மருந்தடிக்கிற டேங்குக்கும் பின்னால், பழைய ஸ்கூட்டர் ஒன்று தூசி படிந்து நிற்கும். சேட்டக்கோ, பிரியாவோ, எல்.எம்.எல். வெஸ்பாவோ, இன்னும் பழைய வீடென்றால் லாம்பியோ விஜய் சூப்பரோ. விற்க மனசு வராது, ஓட்டவும் ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் நின்றது அப்பாரு, அதாவது தாத்தா, பால் ஊற்றப் போன வண்டி. சென்னிமலைப் பக்கம் தோட்டம். அவர் போன பிறகு 14 வருஷம் அதை யாரும் தொடவில்லை. நான் போய்த் தார்ப்பாயை விலக்கியபோது ஃபுட்போர்டில் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. “குஞ்சு பொரிக்கற வரைக்கும் வண்டியத் தொடப்படாது” என்று ஆத்தா சொல்லிவிட்டது. அந்த மூன்று வாரமும் தெரிந்த மெக்கானிக் அண்ணா ஒருத்தரின் பட்டறையில் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

இது ஸ்பேனரே பிடித்திராதவர்களுக்காக எழுதுவது. கைகியர் வைத்த 150 சிசி ஸ்கூட்டரை மனதில் வைத்துச் சொல்கிறேன். கைனடிக் ஹோண்டா மாதிரி கியர் இல்லாத வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்கும் பெல்ட்டும் உண்டு. அது வேறு கதை.

பெயிண்டுக்கு முன்னால் ஆர்.சி.

பழைய வண்டியைக் கையிலெடுக்கிறவர்கள் முதலில் போவது பெயிண்டரிடம். பளபளவென்று நிறம் அடித்து, புது சீட் மாட்டி, படமும் எடுத்துப் போடுவார்கள். பிறகு என்ஜினை இறக்கும்போது அந்தப் பெயிண்ட் முழுக்கக் கீறல் விழும். பெயிண்ட் கடைசி வேலை. வண்டி 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதைப் பற்றி யோசித்தால் போதும்.

காசு செலவழிக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள். அதிலிருக்கும் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றுதானா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். ஒரு தடவை புதுப்பித்தால் 5 வருஷம். பசுமை வரியும் உண்டு. வண்டி இறந்துபோனவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்றம் முதலில். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் ‘வின்டேஜ்’ பதிவு என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்கிவிட்டால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். சந்தைக்குப் போகிற வண்டிக்கு அது வேண்டாம்.

உதைக்காதீர்கள்

வெளியே எடுத்ததும் நாலு உதை உதைத்துப் பார்க்கத்தான் கால் துடிக்கும். வேண்டாம். வருஷக்கணக்காய் நின்ற சிலிண்டரில் ஆயில் காய்ந்திருக்கும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அந்த நிலையில் உதைத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும்.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் ஆயில்) இரண்டு டீஸ்பூன் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். இறங்கினால் சந்தோஷம். இறங்கவில்லை என்றால் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம். எக்காரணம் கொண்டும் சுத்தியல் பக்கம் போகவேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் சாமான் சேருங்கள். இந்த வண்டிகளுக்கு அதிகம் தேவைப்படுவது 8, 11, 13, 14, 17 ஸ்பேனர்கள். 11 நம்பரை வீட்டு செட்டில் பலர் வைத்திருக்க மாட்டார்கள், தனியாக வாங்கவேண்டும். 21 நம்பர் பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளி அளக்கும் தகடுகள்), மேக்னெட் (என்ஜின் பக்கவாட்டில் சுழலும் காந்தச் சக்கரம்) கழற்றும் புல்லர், முட்டை அட்டை இரண்டு. முட்டை அட்டை எதற்கென்றால், கழற்றும் நட்டு போல்ட்டை வரிசையாகக் குழிக்கு ஒன்றாய்ப் போட்டுவைக்க. மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்தால் வரிசை தப்பாது. 

கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு, சின்ன வயசில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூர் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டதைச் சொல்வார்கள். அவரிடம் கேமரா போன் இல்லை. நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுத்துவிடுங்கள். குறிப்பாக கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்த நிற வயர் எதோடு சேர்கிறது என்பதை.

டேங்கும் கார்புரேட்டரும்

டேங்கைத் திறந்து மோந்து பாருங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதை முழுக்க வடித்துவிட்டு டேங்கைக் கழற்றி, பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைத் தனியாக எடுங்கள். உள்ளே துரு இருந்தால் புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒரு பிடி நட்டுகளையும் போட்டு நன்றாகக் குலுக்கி, ராத்திரி முழுக்க விடுங்கள். குத்துவிளக்கு விளக்குகிற அதே வித்தைதான். காலையில் கொட்டிவிட்டு ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைக்கவேண்டும். காய்ந்த கையோடு கொஞ்சம் பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்து உள்ளே சுழற்றிவிடாவிட்டால் மறுபடி துரு பூக்கும். போட்ட நட்டுகளை எண்ணித் திரும்ப எடுங்கள். நான் 12 போட்டு 11 எடுத்தவன்.

பெட்ரோல் பைப்பைப் பார்த்து யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துவராது, ஊறிப் பிசுபிசுக்கும் இல்லையென்றால் வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதென்றால் டேங்கை வடித்துவிடுவது உத்தமம்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் அடைப்பது பெரும்பாலும் ஸ்லோ ஜெட், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் திருகு. அதன் துவாரம் ஊசிமுனை அளவுதான். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்து ஊதினால் போதும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாய் ஒரு புள்ளி தெரியவேண்டும்.

ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டு உதைக்கும் அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது ஸ்கூட்டருக்குரிய சடங்கு என்றே நினைத்திருந்தேன். ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் குறைவாக இருந்தாலோ ஸ்லோ ஜெட் பாதி அடைத்திருந்தாலோ, சாய்க்கும்போது பெட்ரோல் வழிந்து உள்ளே போகும், வண்டி பிடித்துக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான். கார்புரேட்டர் சுத்தமாக இருந்தால் நேராக நிற்கவைத்து, சோக்கை இழுத்து, இரண்டாவது உதையில் எடுக்கவேண்டும்.

நெருப்பு வருகிறதா

பிளக்கை வயரோடு சேர்த்து வெளியே எடுத்து, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து, கிக்கரை உதையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் தட்டு, பெட்ரோல் நனைந்த துணி எதுவும் இருக்கக்கூடாது. நீலமாய்ச் ‘சட்’டென்று அடித்தால் நல்லது. மஞ்சளாய் மெலிந்து வந்தாலோ வரவே இல்லை என்றாலோ, பாயிண்ட் (நெருப்புப் பொறிக்காகத் திறந்து மூடும் இரண்டு முனைகள்) வைத்த வண்டியில் முதலில் சந்தேகப்படவேண்டியது பாயிண்டைத்தான். மேக்னெட் ஜன்னல் வழியாகவே தெரியும். முனைகளில் கறுப்பாய்ப் படிந்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வையுங்கள். பிளக்குக்கு 0.6. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் அணைந்து, ஆறின பிறகு மறுபடி ஓடுகிற வண்டி என்றால் பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் பாயிண்ட் கிடையாது, அங்கே வயர் இணைப்புகளையும் எர்த்தையும் பார்க்கவேண்டும்.

டைமிங் (நெருப்பு வரும் நொடி) பார்க்க மெக்கானிக் அண்ணா காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பாயிண்ட் முனைகளுக்கு நடுவே பீடித்தாள் அளவுக்கு மெல்லிய தாளை வைத்து லேசாக இழுத்தபடி, மேக்னெட்டை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வரும் நொடிதான் பாயிண்ட் திறக்கும் நொடி. அந்த இடத்தில் மேக்னெட் குறியும் கேஸ் குறியும் நேராக வந்தால் டைமிங் சரி. மேக்னெட்டைக் கழற்றவேண்டி வந்தால் புல்லர்தான். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் காற்று வீசும் இறக்கைகள் உடையும். அந்தக் காற்றுதான் சிலிண்டரைக் குளிர்விக்கிறது.

சிலிண்டரும் சீலும்

இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, சுழலும் கிராங்க் மூன்றுதான் ஓடுகின்றன. பெட்ரோலும் ஆயிலும் காற்றும் சேர்ந்த கலவை நேராக மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்கு அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, பிஸ்டன் இறங்கும்போது அமுங்கி, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். அதற்குக் காவல் இரண்டு ரப்பர் சீல்கள், மேக்னெட் பக்கம் ஒன்று, கிளட்ச் பக்கம் ஒன்று. நின்ற வண்டியில் முதலில் கெடுவது இந்த இரண்டும்தான்.

கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். கொசு மருந்து அடித்த மாதிரி புகை கிளம்பும், கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். புகையைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். மேக்னெட் பக்க சீல் போனால் ஆபத்து சத்தமில்லாமல் வரும். வெறும் காற்று உள்ளே நுழைந்து கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் ஆயிலும் குறைவு, சூடும் அதிகம், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

என் வண்டி கிளம்பின முதல் வாரம் ஐடில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகம்) தானாக ஏறிக்கொண்டே போயிற்று. ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் இறங்க நேரம் எடுத்தது. நான் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டியூனிங் கைவந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் ரோட்டில் 60இல் போகும்போது பின்சக்கரம் ‘கிறீச்’ என்று பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. டீக்கடை ஓரம் தள்ளி நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளுத்திருந்தது. போன் செய்தால் அண்ணா கேட்டது ஒன்றே ஒன்று: “ஐடில் ஏறுச்சுங்களா கண்ணு?”

ஐடில் காரணமில்லாமல் ஏறினால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். மேக்னெட் பக்க சீலை மாற்றுவது வீட்டில் முடிகிற வேலை: மேக்னெட்டை எடுத்து, காயில் பிளேட் இருந்த இடத்தைக் கேஸில் ஆணியால் கீறிக் குறித்துக்கொண்டு (குறிக்காவிட்டால் டைமிங் போச்சு), பிளேட்டைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் சீல் தெரியும். கிளட்ச் பக்கத்துக்குப் பல வண்டிகளில் என்ஜின் கேஸையே பிரிக்கவேண்டும். முதல் தடவை அதை அனுபவமுள்ளவர் கூட இருந்து செய்யுங்கள்.

சிலிண்டரைக் கழற்ற முழு என்ஜினையும் இறக்கவேண்டியதில்லை. வெஸ்பா வகை வண்டியில் பின் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் என்ஜின் முன் போல்ட்டில் தொங்கி இறங்கும். வண்டிக்கடியில் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்துங்கள், மாட்டும்போதும் அப்படியே. ஹெட்டிலும் பிஸ்டன் மேலும் படிந்திருக்கும் கரியை மூங்கில் சிம்பால் சுரண்டவேண்டும், இரும்பு வேண்டாம். சைலன்சர் வாயையும் எக்ஸாஸ்ட் துவாரத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். ‘வண்டி இழுக்கவே மாட்டேங்குது’ என்கிற புகாரில் பல நேரம் குற்றவாளி அடைத்த சைலன்சர்தான்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக நகர்ந்தால் பரவாயில்லை. மேல்கீழாக ‘டக் டக்’ என்றால் கிராங்க் பட்டறைக்குப் போகவேண்டும். சிலிண்டர் உள்சுவரில் நகத்தில் தட்டுப்படும் கோடு இருந்தால் போர் போடவேண்டும், அதாவது உள்சுவரைக் குடைந்து சற்றுப் பெரிதாக்கவேண்டும். இங்கே நமக்கு ஒரு வசதி. பீளமேடு, கணபதி என்று கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிஸ்டனை வாங்கிய பிறகுதான் சிலிண்டரைக் கொடுக்கவேண்டும், இரண்டையும் சேர்த்து. சேட்டக்கின் போர் (சிலிண்டர் உள்விட்டம்) 57 மில்லிமீட்டர். ஆனால் ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் ஒவ்வொன்றும் இம்மியளவு மாறும், கையிலிருக்கும் பிஸ்டனுக்குத்தான் போர் போடவேண்டும். நான் சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு பட்டறையில் ‘ஸ்டாண்டர்டு அளவுக்கு’ என்று இறுக்கமாகப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவையும் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சிலிண்டர் திரும்பி வந்ததும் துவாரங்களின் ஓரத்தை விரலால் தடவுங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் ரிங் சிக்கும், மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கவேண்டும். ரிங் வாய் பள்ளத்திலுள்ள குட்டி ஆணியில் உட்காரவேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் (சின்ன வளையக் கம்பி) இரண்டும் புதுசாகத்தான் போடவேண்டும், காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. மாட்டும்போது கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள். சர்க்ளிப் தெறித்தால் அது போகிற இடம் எப்போதும் கிராங்க் அறைதான்.

மற்றவை

கேபிள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். கிளட்ச் லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் வையுங்கள். வெஸ்பா வகை வண்டியில் கியர் ஆயில் சுமார் 250 மில்லி, எஸ்.ஏ.இ. 30. பிரேக் டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் 14 வருஷ ரப்பரை நம்பக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். இந்த ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு பாதியாகச் சேர்த்து நட்டால் முடுக்கப்பட்டது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

டியூனிங்

சேட்டக் வகை வண்டிக்குப் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 2டி ஆயில் 20 மில்லி. புதிதாகப் போர் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 30 மில்லி, வேகம் 40ஐத் தாண்டவேண்டாம். கேனில் முதலிலேயே கலக்கிக் குலுக்கி ஊற்றுங்கள். டேங்கில் தனித்தனியாக ஊற்றினால் ஆயில் அடியில் போய் உட்காரும்.

வண்டியை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த வண்டியில் டியூனிங் பார்ப்பது வீண். கார்புரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே முடுக்கி (இறுக்காதீர்கள், முனை நசுங்கும்), ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, என்ஜின் சத்தம் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அதன் பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். ஜெட்டையும் பிளக்கையும் டைமிங்கையும் ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிட்டு, எதனால் சரியாயிற்று அல்லது கெட்டது என்று தெரியாமல் விழித்த நாட்கள் எனக்கு உண்டு.

கடைசித் தீர்ப்பு பிளக்குடையது. வண்டியில்லாத நேர் ரோட்டில் மேல் கியரில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, உருண்டு ஓரமாக நின்று பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் சரியாக இருக்கிறது. ஈரமாய்க் கறுத்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் காங்கேயம் ரோட்டில் எனக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு மெதுவாகத் திரும்புங்கள்.

சமவெளியில் டியூன் செய்த வண்டி ஊட்டிக்கு ஏறினால் கொஞ்சம் இருமும். அங்கே காற்று மெலிது, அதே ஜெட்டுக்குக் கலவை கனமாகிவிடும். அதற்காக ஜெட்டை மாற்றிவிடாதீர்கள், திரும்பக் கீழே வந்ததும் மெலிந்துபோகும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் பழகாதவர்களைக் கவிழ்ப்பது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதோ, வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாறு வரும்போதோ, ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி கியரிலேயே விட்டால் என்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் போகாது, பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் போகாது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகிவிடுங்கள்.

வீடு வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ஐடிலிலேயே ஓடி ஓடித் தானாக அணையும்வரை விடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் தங்காது, ஜெட்டும் அடைக்காது. எங்கள் வண்டிக்கு அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தச் சத்தம் நிற்கும்வரை ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போவதில்லை.